பதினேழாம் எண் சீசா

அத்தியாயம் பதினொன்று

எட்டு இருபது வண்டியை அன்றைக்கு ஓர் ஆண் குரல் அறிவித்தது.

நடைமேடையில் நின்ற முந்நூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. வண்டி வந்தால் போதும், கழுதை கத்தி அறிவித்தாலும் ஏறிக்கொள்வார்கள். முந்நூறாவது ஆள் கம்பவுண்டர். அவர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அப்படி நின்றதில் வண்டி வந்து, நின்று, கிளம்பியும் போய்விட்டது.

"என்ன பெரியவரே, வண்டியில ஏற வந்தீங்களா, வழியனுப்ப வந்தீங்களா?" என்றார் பக்கத்து பெஞ்சுக்காரர்.

"அந்தம்மா எங்க?"

"எந்தம்மா?"

"தினமும் மைக்குல பேசுறவங்க."

"லீவா இருக்கும். எங்க வீட்டுல பேசுறவங்களும் ஒரு நாள் லீவு போட்டா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

கம்பவுண்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு மாதமாக அவள் வயிற்றுக்குள் என்ன மருந்து போகிறது என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவளுக்கே தெரியாது.

கம்பவுண்டர் என்ன காரியம் செய்துவிட்டு இப்படித் தவிக்கிறார் என்பது போன வாரம் வந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னொரு முறை சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர் நாற்பது வருஷம் ஒரே டாக்டரிடம் மருந்து கலந்தவர். வாசலில் ஒருவர் இருமினால், இருமி முடிப்பதற்குள் சீசாவை மூடிச் சீட்டு ஒட்டிவிடுவார். ஒரு தடவை அப்படி மருந்து வாங்கிக் குடித்தவர் தபால் கொடுக்க வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த மனுஷனுக்கு அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருமலே வரவில்லை. 'என் கையால வெறும் சீசா போனதில்ல' என்பதுதான் கம்பவுண்டருக்கு இருந்த ஒரே பெருமை.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வேலை, வெறும் சீசா நிரப்புவது.

வேலை வந்தது மருமகளால். அவள் கல்லூரியில் மருந்தியல் ஆராய்ச்சி செய்கிறவள். ஃபீவர்ஃபியூ என்று ஒரு செடி. சாமந்திக்குத் தூரத்துச் சொந்தம். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறது. ஆட்கள் அதைத் தேடிப் போவது ஒற்றைத் தலைவலிக்கு. அதன் கசப்பு வாடைக்குத் தேனீக்கள் கிட்ட வராது என்பார்கள். அந்தச் செடி கல்லூரித் தோட்டத்துக்கு வந்த மறுநாளே மருந்தியல் துறைப் பூனை இயற்பியல் துறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

அந்த இலை நிஜமாகவே தலைவலியைக் குறைக்கிறதா என்று பார்க்க எண்பது பேர். நாற்பது பேருக்கு இலைப்பொடி அடைத்த கேப்ஸ்யூல். நாற்பது பேருக்கு ஒரு குணமும் இல்லாத கீரைப்பொடி அடைத்த டம்மி. வாடையில் வித்தியாசம் தெரியக்கூடாது என்று டம்மியையும் துணிப்பையில் கட்டி இலையோடு ஒரே டப்பாவில் பத்து நாள் குடித்தனம் வைத்துப் பிறகுதான் சீசாவில் போடுவார்கள். யாருக்கு எது என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற மருமகளுக்கும் தெரியாது. அடைக்கிற கம்பவுண்டருக்கு மட்டும் தெரியும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி என்று கல்லூரியில் கேட்டார்கள். வீட்டில் அந்தச் செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து கம்பவுண்டரின் மனைவி, "முட்டைக்கோஸ்னு சொல்லலாமா, இல்ல அதுவும் இலைக் கணக்குல வருமா?" என்று கேட்டுக்கொண்டுதான் சமைக்கிறாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பதினேழாம் எண் கடிதம் எழுத ஆரம்பிக்கிறவரை.

மாதக் கடைசியில் எல்லோரும் சீசாவைத் திருப்பிக் கொடுப்பார்கள். மிச்சம் எத்தனை என்று கம்பவுண்டர் எண்ணிக் குறித்துக்கொள்வார். பதினேழாம் எண் சீசாவில் மிச்சம் இருக்காது. ஒரு சீட்டு மட்டும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ரயில் நேரம் அச்சடித்த தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதியது.

'மருந்து அடைக்கிறவருக்கு. இந்த மாதம் பதினோரு நாள் வலி. பரவாயில்லை. உங்களை நம்பி ஒரு வேளைகூடத் தவறவில்லை.'

அடுத்த மாதம்: 'பன்னிரண்டு நாள். மைக் முன்னால் வாந்தி வந்தது. உங்கள் மேல் குறையில்லை.'

நான்கு மாதம் அப்படி வந்தது. நான்காவது சீட்டைப் படித்துவிட்டுக் கம்பவுண்டர் டம்மி டப்பாவை மூடினார். இலை டப்பாவைத் திறந்தார். ஐந்தாவது மாதத்திலிருந்து பதினேழாம் எண் சீசாவில் போனது இலை.

அந்த மாதச் சீட்டு: 'ஐந்தே நாள்!' அதற்கடுத்தது: 'இரண்டு நாள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.'

ரயில் தாளையும் மைக்கையும் வைத்து அது யார் என்று அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். அவளுடைய குரல்தான் இன்றைக்கு ஒலிபெருக்கியில் இல்லை.

*

கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. கம்பவுண்டரின் அறை இருக்கும் இடம் படிக்கட்டுக்கு அடியில். ஒரு மேஜை, கேப்ஸ்யூலை நிறுத்தி அடைக்க நூறு துளை போட்ட பலகை ஒன்று, மின்தராசு, இரண்டு டப்பா, ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று மருமகளிடம். உள்ளே எண்பது ஒட்டிய கவர்கள். யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த எண்ணுக்கு உரிய கவரைப் பிரித்து, உள்ளே போனது இலையா டம்மியா என்று பார்க்கலாம். ஆறு மாதத்தில் ஒரு கவர்கூடப் பிரிக்கப்படவில்லை.

பதினொரு மணிக்கு மருமகள் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தாள். மறு கையில் சாவி.

"மாமா, அலமாரியைத் திறக்கணும். உங்க சாவியைக் குடுங்க."

"யாரு?" என்றார். கேட்டிருக்கவே வேண்டாம்.

"பதினேழு. காலையில பஸ் படியில இருந்து விழுந்துட்டாங்க. கழுத்தெலும்பு முறிஞ்சிருக்கு. பையில நம்ம ஆராய்ச்சி அட்டை இருந்திருக்கு, ஆஸ்பத்திரியில இருந்து பேசறாங்க."

கம்பவுண்டர் சாவியைப் பூட்டில் நுழைத்தார்.

மருமகள் பேசியை மேஜைமேல் வைத்து ஒலியைக் கூட்டினாள். மறுமுனையில் அறுவைச் சிகிச்சை டாக்டர். அவசரமில்லாத குரல். அவசரமில்லாத டாக்டரைக் கண்டால்தான் கம்பவுண்டருக்குப் பயம்.

"மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். உங்க இலை ரத்தம் உறையறதைத் தடுக்கும்னு படிச்சேன். நிஜமா?"

"ஆய்வுக்கூடச் சோதனையில அப்படித் தெரியுது டாக்டர். மனுஷ உடம்புல எவ்வளவுன்னு யாரும் அறுதியிட்டுச் சொல்லல. ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும்னுதான் எங்க விதி."

"நான் கை வைக்கப்போறது தண்டுவடத்துக்குப் பக்கத்துல. அங்க கொஞ்சமா ரத்தம் கசிஞ்சு தேங்கினாலே கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது. இலைன்னா சொல்லுங்க, கழுத்தைக் கட்டிப் படுக்கவெச்சு ரெண்டு வாரம் தள்ளிப் போடறேன், தாங்கும். டம்மின்னா இன்னைக்கே ரெண்டு மணிக்கு முடிச்சிடறேன். அவங்களுக்கும் அதுதான் நல்லது."

மருமகள் கவரைக் கிழித்தாள். உள்ளே கம்பவுண்டரின் முத்து முத்தான கையெழுத்து. ஆறு மாதத்துக்கு முன்னால், எல்லாம் நேர்மையாக இருந்த காலத்தில் எழுதியது.

"டம்மி டாக்டர். வெறும் கீரைப்பொடி."

"உறுதியா?"

மருமகள் கம்பவுண்டரைப் பார்த்துச் சிரித்தாள். "அடைச்சவர் பக்கத்துலதான் நிக்கறார். நாற்பது வருஷத்துல ஒரு சீசா மாத்தினதில்ல."

"நன்றி. ரெண்டு மணிக்கு எடுத்துக்கறேன்."

வைத்துவிட்டார். மருமகள் கவரில் தேதி, நேரம் போட்டாள். கம்பவுண்டரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். அந்தக் கையெழுத்தை இன்றைக்கும் யாராவது பார்த்தால், தராசுத் தட்டில் விழுந்து தத்தளித்த எறும்பு என்றுதான் நினைப்பார்கள்.

"என்ன மாமா, முகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடலையா?"

"வண்டியை விட்டுட்டேன்மா" என்றார். அது உண்மைதான். அன்று பகல் சாப்பாட்டு நேரம்வரை அவளிடம் அவர் சொன்ன கடைசி உண்மையும் அதுதான்.

*

மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரில் யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அப்புறம் இவனை. கம்பவுண்டர் போனில் கூப்பிட்டபோது ஒரு பழைய அலுவலகத்தில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, லிஃப்டின் முதுகுமேல் உட்கார்ந்திருந்தான்.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா. கீழ மூணு பேரு உள்ள இருக்காங்க, ஒருத்தர் ஏற்கெனவே உயில் எழுத ஆரம்பிச்சுட்டார்."

கம்பவுண்டர் சொன்னார். பதினேழு, சீட்டு, இலை, கழுத்தெலும்பு, ரெண்டு மணி. நாற்பது வருஷம் டாக்டரின் கிறுக்கல் சீட்டைப் படித்தவர் என்பதால் எதையும் சுருக்கமாகத்தான் சொல்ல வரும்.

மறுபக்கம் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லடா."

"சொல்லாதீங்க."

"டேய்!"

"அப்பா, அவ ரெண்டு வருஷமா அந்தச் செடியோடதான் குடும்பம் நடத்தறா. என்கூட நடத்தினதைவிட ஜாஸ்தி. அடுத்த வாரம் எல்லாக் கவரையும் பிரிச்சு முடிவு சொல்லப் போறாங்க. இப்பப் போய், அடைச்ச ஆளே உள்ளாற கை வெச்சுட்டார், அதுவும் சொந்த மாமனார்னு வெளிய வந்தா என்ன ஆகும்? ஆராய்ச்சி குப்பைக்குப் போகும். அவளை யாரும் நம்ப மாட்டாங்க."

"அந்தப் பொண்ணு?"

"ஒரு இலைப்பா. இலை! மனுஷன் காலங்காலமா திங்கறான். இந்த லிஃப்ட்டையே பாருங்க, ஆறு கம்பிவடம் இருக்கு. ஒண்ணு அறுந்தா அஞ்சு தாங்கும். அதே மாதிரி உடம்புலயும் ஏதாவது தாங்கும்."

"ஆறும் அறுந்தா?"

"அப்படி ஒரு நாளும் ஆகாது."

"நீ உக்காந்திருக்கியே, அது ஏன் நின்னுச்சு?"

கீழேயிருந்து யாரோ லிஃப்ட் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணும் இருக்குடா" என்று கம்பவுண்டர் ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிட்டான்.



*

ஒன்றரை மணிக்கு மருமகள் இரண்டு பேருக்குமான சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே வந்தாள். அப்படி வருகிறவள் இல்லை. விதி விதி என்று ஆறு மாதமாகத் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்.

"பதினேழைப் பத்தி இப்ப உங்ககிட்ட பேசலாம் மாமா. கவர்தான் பிரிச்சாச்சே!" என்றாள். தடை நீங்கிய குழந்தைமாதிரி இருந்தது அவள் முகம். "ஆறு மாசமா யார்கிட்டயும் பேச முடியாம எனக்கு மண்டையே வெடிச்சிடும்போல இருந்தது."

கம்பவுண்டர் சோற்றைப் பிசைந்தார். மருந்து கலக்குகிறவர் பிசைவதால் அது சீக்கிரமே களிம்புப் பதத்துக்கு வந்துவிட்டது.

"அந்தம்மாவோட டைரியைப் பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க. நாலு மாசம் மாசத்துக்குப் பத்து, பன்னிரண்டு நாள் வலி. அஞ்சாவது மாசம் சட்டுனு அஞ்சு. ஆறாவது மாசம் ரெண்டு! நான் இலைதான்னு நெனச்சிட்டிருந்தேன். டம்மி மாமா, வெறும் கீரை! மனசோட சக்தியைப் பாருங்க. நாலு மாசம் சும்மா இருந்துட்டு அஞ்சாவது மாசம் நம்பிக்கை மருந்தா மாறியிருக்கு. இப்படி ஒண்ணு யாரும் பதிவு பண்ணதே இல்ல. இதை மட்டும் தனியா ஒரு கட்டுரையா எழுதப்போறேன். பேராசிரியர்கிட்டகூடச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா?"

"துள்ளிக் குதிச்சுட்டார். அந்த வயசுல குதிக்கக் கூடாது, ஆனா குதிச்சார்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பத்தைந்து. கம்பவுண்டர் தன் வாழ்க்கையில் எத்தனையோ பேர் வாயில் கசப்பு மருந்தை ஊற்றியிருக்கிறார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிட வேண்டும், நிறுத்தி நிறுத்திக் குடித்தால் வெளியே வந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

"மனசு இல்லம்மா. இலை" என்றார்.

"என்ன?"

"அஞ்சாவது மாசத்துல இருந்து பதினேழுக்குப் போனது இலை. நான்தான் மாத்திப் போட்டேன்."

மருமகள் சிரித்தாள். இந்த மனுஷன் சிரிக்காமல் ஜோக் அடிக்கிறவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை சம்பந்தி முன்னால், தன் டாக்டர் ஊசி போட்டால் ஊசிக்குத்தான் வலிக்கும் என்று முகம் மாறாமல் சொன்னவர். ஆகவே சிரித்தாள். கம்பவுண்டர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஆறு சீட்டையும் வரிசையாக எடுத்து வைத்தார்.

முதல் சீட்டைப் படிக்கும்போது அவளிடம் சிரிப்பின் மிச்சம் இருந்தது. மூன்றாவது சீட்டில் அது போய்விட்டது. ஆறாவதைப் படிக்கவில்லை. எழுந்தாள். தட்டு கவிழ்ந்தது. கைப்பேசியில் எண்ணை அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியின் தானியங்கி அவளுக்கு ஒரு தாலாட்டை வாசித்துக் காட்டியது. அழைப்பு முக்கியமானது என்றது. மறுபடியும் தாலாட்டு. ஒன்று ஐம்பத்தைந்து. அந்த ஐந்து நிமிஷத்தில் கம்பவுண்டருக்கு முடியில் மிச்சமிருந்த கறுப்பும் நரைத்துவிட்டது என்று அவர் மனைவி பின்னால் சாதித்தாள். காலையில் தான் வாரிவிட்டபோது ஒன்பது கறுப்பு முடி எண்ணினாளாம்.

ஒரு வழியாக ஒரு நர்ஸ் எடுத்தாள். "ஆபரேஷன் பிரிவு."

"கழுத்தெலும்பு கேஸ், ரெண்டு மணிக்கு. நிறுத்தச் சொல்லுங்க!"

"உள்ள கொண்டுபோயாச்சும்மா. மயக்கம் குடுத்துட்டாங்க. டாக்டர் கை கழுவிட்டிருக்கார்."

"கையை மட்டும் கழுவட்டும். கத்தியைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க. அவங்க இலை சாப்பிட்டிருக்காங்க. ரெண்டு மாசமா!"

பேசி எங்கேயோ வைக்கப்பட்டது. செருப்புச் சத்தம் தூரத்தில் ஓடியது. கதவு ஒன்று ஆடி ஆடி நின்றது. அப்புறம் அதே அவசரமில்லாத குரல்.

"காலையில டம்மின்னு சொன்னது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"இப்ப இலைன்னு சொல்றது?"

"நான்தான்."

"மூணாவதா ஏதாவது சொல்லுவீங்களா?"

"இல்ல. இதுதான் உண்மை."

"சரி. எழுப்பிடறேன். பேஷன்ட்டோட ரத்தத்தையும் சோதிக்கறேன். நீங்க எல்லாத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. யார் யார் கையெழுத்துன்னு உங்களுக்கே தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா வெட்டியிருப்பேன் மேடம்."

*

மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று கம்பவுண்டர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் கீழே கொட்டிக் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கினியேம்மா."

"இப்படிச் செய்யக்கூடாதுன்னும்தான் வாங்கினேன்."

"அந்தப் பொண்ணு என்னை நம்புச்சு. வெறும் சீசாவை வெச்சுக்கிட்டு என்னால..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

"பதினேழை நீக்கிடணும்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நடந்ததை எழுதிக் குழுவுக்குக் குடுக்கணும். ஒரு ஆள்தான்னா ஒருவேளை மத்த எழுபத்தொன்பதையும் ஏத்துக்குவாங்க. ஒருவேளை..."

அப்போதுதான் அவள் கண் தராசுமேல் போனது. ஆராய்ச்சிக்காரி என்பவள் அழுகைக்கு நடுவிலும் கணக்குப் போடுகிறவள்.

"மாமா, மாசா மாசம் இலைப்பொடியை நிறுத்துப் பாக்கறாங்களே. பதினேழுக்கு இலை போட்டிருந்தா பொடி குறைஞ்சிருக்கணும். ரெண்டு மாசமும் ஒரு கிராம்கூடப் பிசகலையே. எப்படி?"

கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"மாமா."

"இன்னொருத்தருக்கு இலைக்குப் பதிலா டம்மி போட்டேன்."

மருமகள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தாள்.

"யாருக்கு?"

"இருபத்தி மூணு. அவர் சீசா ஒவ்வொரு மாசமும் பத்து, பன்னிரண்டு மிச்சத்தோட திரும்பி வந்துச்சும்மா. சாப்பிடவே மறந்துடறார்னு தெரிஞ்சுது. தேவையில்லாதவர்கிட்ட இருந்து எடுத்து..."

"தேவையில்லாததால மறக்கல மாமா! வலி நின்னுபோனதால மறந்தார்!" இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "நாலு மாசம் இலை சாப்பிட்டவருக்கு ஒரே நாள்ல நிறுத்தியிருக்கீங்க. அதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஒப்புதல் தாள்ல மூணாம் பக்கத்துலயே இருக்கு. நிறுத்தினா வலி ரெண்டு மடங்கா திரும்பலாம், தூக்கம் போகலாம், கை நடுங்கலாம்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். எதையோ நினைத்துப் பார்க்கிறவளின் முகம் அது.

"போன மாசம் வந்தப்ப அதையேதான் சொன்னார். தூங்கியே வாரக்கணக்கா ஆச்சு, கை நடுங்குதுன்னார். 'இலை இருபத்தி மூணுக்கு வேலை செய்யல போல'ன்னு நான் என் நோட்டுல எழுதி வெச்சேன்."

"அவர் என்ன வேலை பாக்கறார்?" என்றார் கம்பவுண்டர். சீசாவில் எண் மட்டும்தான் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆளை மாதா மாதம் நேரில் பார்க்கிறவள் அவள்தான்.

"கிரேன் ஓட்டறார். அடுக்குமாடி கட்டற இடத்துல, உச்சியில கூண்டுல உக்காந்து. தலைவலி நின்ன பிறகுதான் அவரைத் திரும்ப மேலயே ஏறவிட்டாங்க."

அவள் அவருடைய எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வேறு யாரோ எடுத்தார்கள். பின்னால் கலவை இயந்திரத்தின் இரைச்சல்.

"அவர் மேல இருக்காரும்மா. போனை எங்கிட்ட குடுத்துட்டுத்தான் ஏறுவார். நான் மேஸ்திரி பேசறேன், என்ன சேதி?"

மருமகள் பேசியைக் கம்பவுண்டரிடம் நீட்டினாள். "நீங்களே பேசுங்க. அவருக்கு என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க."

கம்பவுண்டர் வாங்கிக் காதில் வைத்தார். "ஐயா, அவரை உடனே கீழ இறங்கச் சொல்லுங்க. உடம்பு சரியில்லாதவர். அவருக்கு மருந்து அடைக்கிறவன் நான். தப்பு என் பேர்ல."

"காலையிலேயே தலையைப் புடிச்சிக்கிட்டுதான் ஏறினாரு. வேணாம்னேன், கேக்கல. இருங்க, வயர்லெஸ்ல கூப்பிடறேன்."

இரைச்சலுக்கு நடுவே மேஸ்திரி கூப்பிடுவது கேட்டது. அண்ணே, இறங்குங்க. அண்ணே, சத்தம் கேக்குதா. மறுபடியும் கூப்பிட்டார். கலவை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார். இயந்திரம் நின்றது.

"என்னங்க?" என்றார் கம்பவுண்டர். "பதில் சொல்றாரா?"

"இல்லீங்க" என்றது மேஸ்திரியின் குரல். அது இப்போது வேறு மாதிரி இருந்தது. "கிரேனோட கை பாதி சுத்தி நின்னுடுச்சு. அதுல தொங்கற இரும்புக் கட்டு மட்டும் தன்னால ஆடிக்கிட்டிருக்கு."